காதால் பார்த்த பகிடிகள்

கனடாவில் இருக்கிற என் தங்கச்சியின் மகன் போன கிழமை ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "மாமா, ஆவணி லீவுக்குத் திருகோணமலைக்கு வாறம். பின்னேரத்தில பிள்ளைகளும் அம்மம்மாவும் ஒண்டா இருந்து பார்க்கிற மாதிரி நல்ல பகிடித் தொடர்கள் சொல்லுங்கோ. வேற நல்ல நிகழ்ச்சி இருந்தாலும் சொல்லுங்கோ. நீங்க எதைப் பார்த்துச் சிரிச்சனீங்க எண்டும் எழுதுங்கோ." நாலு பெயரை எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்த பகிடித் தொடர்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சிரிப்பு வரும். ஒன்றே ஒன்றுதான் விலக்கு, அதற்குப் பிறகு வருகிறேன். இது என்னுடைய ரசனைக் கோளாறாகவும் இருக்கலாம். நாங்கள் வானொலியில் வளர்ந்தவர்கள். வீட்டுக்கு டிவி வருவதற்குப் பல வருடம் முன்பே காதால் சிரிக்கப் பழகிவிட்டோம்.

1970களில் இலங்கை வானொலியில் 'கோமாளிகள் கும்மாளம்' என்று ஒரு தொடர் போனது. எஸ். ராமதாஸ் எழுதியது. அதில் முக்கியமானவர்கள் நாலு பேர், நாலு விதமான தமிழ். மரிக்கார் முஸ்லிம்களின் தமிழ் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ். உபாலி பேசுவது சிங்களவர் பேசுகிற தமிழ். ஐயர் அக்கிரகாரத் தமிழ். மரிக்காராக நடித்தவர் ராமதாஸ். ஐயராக நடித்தவர் பி. எச். அப்துல் ஹமீத்! உபாலியாக எஸ். செல்வசேகரன், அப்புக்குட்டியாக டி. ராஜகோபால். அந்தப் பாத்திரப் பெயர்கள் அவர்களுடைய சொந்தப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டன. இன்றைக்கும் 'மரிக்கார் ராமதாஸ்', 'உபாலி செல்வசேகரன்' என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். 1976இல் இதுவே 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. படத்தைவிட வானொலித் தொடர்தான் எனக்கு ஒரு படி மேல்.

திருகோணமலைக்காரனுக்கு இது ஏன் அவ்வளவு பிடித்தது என்று விளக்கத் தேவையில்லை. காலையில் சந்தைக்கு மீன் வாங்கப் போனால் அந்த நாலு தமிழில் மூன்று காதில் விழும். கிண்ணியாவில் இருந்து வந்தவர் ஒரு விதமாகக் கேட்பார், மூதூர்க்காரர் வேறு மாதிரி இழுப்பார், அனுராதபுரச் சந்திப் பக்கத்துச் சிங்கள முதலாளி பன்மையும் ஒருமையும் பார்க்காமல் அன்பாக ஒரு தமிழ் பேசுவார். ஒருவரை ஒருவர் பேசிக்காட்டி நாங்கள் ஒழுங்கைக்குள் விளையாடியிருக்கிறோம். அதில் நக்கல் இருந்தது, வன்மம் இருக்கவில்லை. பேசிக்காட்டப்பட்டவரே பக்கத்தில் நின்று சிரிப்பார், பிறகு தன் பங்குக்கு எங்களைப் பேசிக்காட்டுவார். எழுபதுகளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அதே வரிசையில் கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்'. பஸ் கொண்டக்டர் ஒருவரைப் பற்றிய தனிநடிப்பு. ஒரே ஆள்தான் மேடையில். ஆனால் கேட்கிற எங்களுக்கு முழு பஸ்ஸும் நிரம்பி வழியும். கசெற்றாக வந்ததைத் தேயத் தேயக் கேட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. தமிழில் இதற்கு நிகரான பேச்சுப் பகிடி எனக்குத் தெரிந்து குறைவு. கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு விளங்குமா என்று கேட்பாய். பாதி விளங்காது. மற்றப் பாதிக்கு அம்மம்மா இருக்கிறா.

சரி, டிவிக்கு வருவோம்.

இலங்கையில் முதலில் வந்தது சுயாதீன தொலைக்காட்சி, 1979 ஏப்ரலில். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கியது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் பெட்டி இருந்தது. காற்று வீசினால் கம்பத்தில் கட்டிய அன்டெனா திரும்பிவிடும். ஒருவர் வெளியே நின்று கம்பத்தைத் திருப்ப, உள்ளே இருந்து "இப்ப சரி... இல்ல, போயிட்டு" என்று கத்த வேண்டும். திருப்புகிறவருக்குப் படம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அந்த வேலையைப் பெரும்பாலும் நான்தான் செய்தேன். காதால் பார்க்கிற பழக்கம் அப்படியும் வளர்ந்தது.

ரூபவாஹினியில் நான் கண்ட மிகப் பெரிய கெட்டிக்காரர் டைட்டஸ் தொட்டவத்த. பக்ஸ் பன்னி கார்ட்டூனை எடுத்து 'ஹா ஹா ஹரி ஹாவா' என்று சிங்களத்தில் குரல் கொடுத்து வெளியிட்டார். மொழிபெயர்ப்பு என்று அதைச் சொல்லவே முடியாது. அமெரிக்க முயலை எடுத்து இலங்கைத் தெருவில் விட்டுவிட்டார். முயல் பேசியது எங்கள் ஊர்ச் சிங்களம், அதன் குறும்பும் எங்கள் ஊர்க் குறும்பு. எனக்கு ஓரளவு சிங்களம் வந்ததே அந்த முயலால்தான். கந்தோரில் மொழித் தேர்வுக்குப் படித்தது அதற்குப் பிறகு. யாராவது தமிழில் இப்படி ஒரு கார்ட்டூனுக்குத் திருகோணமலைத் தமிழிலோ மட்டக்களப்புத் தமிழிலோ குரல் கொடுக்கமாட்டார்களா என்று இன்றுவரை ஏங்குகிறேன்.

சிங்களம் கொஞ்சம் விளங்கினால் 'கோப்பி கடே' பார்க்கலாம். 1987இல் சுயாதீன தொலைக்காட்சியில் ஆரம்பித்த வாராந்தத் தொடர். கிராமத்துக் கோப்பிக் கடை ஒன்று, அங்கே வந்து குந்துகிற ஆட்கள், அந்தக் கிழமை நாட்டில் நடந்த விஷயம். அவ்வளவுதான். பழைய பகுதிகளில் ருசி அதிகம்.

ஆங்கிலத் தொடர்களில் எங்கள் தலைமுறை முழுக்கப் பார்த்தது 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்'. 1977இல் பிரித்தானியாவில் தொடங்கியது. பல நாட்டில் இருந்து லண்டனுக்கு வந்தவர்கள் ஆங்கிலம் படிக்கிற இரவு வகுப்பு, நடுவில் அகப்பட்டுக்கொண்ட வாத்தியார் மிஸ்டர் பிரவுன். தலைப்பாகையோடு இருந்து, பிழைவிட்டால் "ஆயிரம் மன்னிப்பு" கேட்கிற ரஞ்சித் சிங்கை ஞாபகம் இருக்கும். அந்தச் சீக்கியராக நடித்த அல்பர்ட் மோசஸ் பிறந்தது கம்பளையில்! நம்முடைய நாட்டுக்காரர். இதை நான் சொன்னபோது கந்தோரில் ஒருவரும் நம்பவில்லை.

இந்தத் தொடரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சீனர் என்றால் இப்படி, ஜேர்மானியர் என்றால் இப்படி என்று ஆட்களை அச்சில் வார்த்த மாதிரிக் காட்டுவார்கள். அந்தக் காரணத்துக்காகவே 1979இல் அதைத் தயாரித்த டிவி நிறுவனம் அதை நிறுத்தியது. பிள்ளைகளோடு பார்க்கும்போது அது உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். ஆனாலும் மற்ற மொழி ஒன்றில் வாய் தடுமாறுகிற வலியைத் தெரிந்தவர்களுக்கு அதில் வேறு ஒரு சிரிப்பு இருக்கிறது. முப்பது வயதில் சிங்கள வகுப்பில் கொப்பியோடு உட்கார்ந்தவன் நான். எனக்கு மிஸ்டர் பிரவுனின் வகுப்பு அந்நியமாகப் படவில்லை.

இப்போது நான் உயிரைக் கொடுத்துச் சிபாரிசு செய்கிற தொடர்: 'யெஸ் மினிஸ்டர்'. பிபிசியில் 1980 முதல் 1984 வரை, பிறகு 'யெஸ் பிரைம் மினிஸ்டர்' என்று 1986 முதல் 1988 வரை. அன்டனி ஜேயும் ஜொனதன் லின்னும் எழுதியது. ஒரு அமைச்சர், அவருக்குக் கீழே சேர் ஹம்ப்ரி என்று ஒரு செயலாளர். அமைச்சர் எதையாவது செய்ய நினைப்பார், செயலாளர் "முடியாது" என்று ஒருபோதும் சொல்லமாட்டார், கடைசியில் எதுவும் நடக்காது. மூச்சு விடாமல் ஒரு நீண்ட வசனம் வரும் சேர் ஹம்ப்ரிக்கு. அதன் முடிவில் அமைச்சர் முழிக்கிற முழி!

நான் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவன். அதாவது அரச அதிபரின் கந்தோரில்; வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துவிடுவார்கள். கோவைக்குள் கோவையை வைப்பதும், சுற்றுநிருபத்துக்கு விளக்கம் கேட்டு இன்னொரு சுற்றுநிருபம் வரும்வரை காத்திருப்பதும் எங்கள் அன்றாடம். கொழும்பில் இருந்து மாற்றலாகி வந்த ஒரு அதிகாரி இந்தத் தொடரை வீடியோ கசெற்றில் கொண்டுவந்தார். நாலைந்து பேர் அவருடைய குவார்ட்டர்ஸில் இருந்து பார்த்தோம். அதில் ஒரு ஆஸ்பத்திரி வரும். புத்தம் புதிய கட்டடம், நிர்வாகத்துக்கும் மற்ற வேலைகளுக்கும் 500க்கு மேற்பட்ட ஊழியர்கள், ஒரு நோயாளிகூட இல்லை. நாட்டிலேயே சிறப்பாக நடக்கிற ஆஸ்பத்திரிகளில் ஒன்று என்று அதற்குப் பெயர் வேறு. நோயாளி இல்லாததால் சுத்தமாக இருக்கிறது, செலவும் கட்டுக்குள் இருக்கிறது! எங்கள் பிரதம எழுதுவினைஞர் சிரிக்கவே இல்லை. "இதில் என்ன பிழை?" என்று கேட்டார். உண்மையாகக் கேட்டாரா, எங்களை வைத்துப் பகிடி விட்டாரா என்று இளைப்பாறும் வரை எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு இது பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு. வசனம்தான் எல்லாம், ஆங்கிலம் வேகமாகப் போகும். கீழே எழுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

'ஃபோல்டி டவர்ஸ்' மொத்தமே 12 பகுதிகள். 1975இல் ஆறு, 1979இல் ஆறு. எழுதியவர்கள் ஜோன் கிளீஸும் கொனி பூத்தும். கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டல், விருந்தினரைக் கண்டாலே எரிச்சல் படுகிற முதலாளி. உப்புவெளியில் ஹோட்டலில் வேலை செய்கிற என் பெரியண்ணரின் மகனுக்கு இதைக் காட்டினேன். பார்சலோனாவில் இருந்து வந்த வெயிட்டர் மனுவேல் ஆங்கிலம் விளங்காமல் முழிக்கிற ஒவ்வொரு இடத்திலும் அவன் கதிரையில் இருந்து விழாத குறை.

அதில் முதல் ஆறின் கடைசிப் பகுதியில் ஜேர்மானிய விருந்தினர் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் போரைப் பற்றி மூச்சும் விடக்கூடாது என்று முதலாளி எல்லாருக்கும் சொல்லிவிட்டு, வாயைத் திறந்தால் தானே போரைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார். நான் வயிறு நோகச் சிரித்தேன். பெறாமகன் சிரிப்பை நிறுத்திவிட்டான். 2009க்குப் பிறகு வெள்ளைக்காரர் திரும்ப வரத் தொடங்கிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். விருந்தினருக்கு முன்னால் சண்டைக் கதை எடுக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்களாம். "ஆனா சித்தப்பா, அவையள்தான் முதல் கேட்பினம். கடலைக் காட்டிக் கதையை மாத்துவன்" என்றான். அந்தப் பகுதியை இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தோம். இரண்டாம் முறை அவனும் சிரித்தான்.

இந்தியத் தமிழ்த் தொடர்களுக்கு வருகிறேன். ஒரு வீட்டுக்குள் நாலு பேர் நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் மூன்று நிமிடம் பார்க்கிற தொடர்களை நான் சொல்லப்போவதில்லை. அம்மம்மா அதைப் பார்க்கிற நேரம் யாரும் ரிமோட்டைத் தொட வேண்டாம், அது மட்டும் முக்கியம்.

சினிமா இயக்குநர் கே. பாலச்சந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' தேடிப் பார்க்கத் தகுந்தது. கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. சின்னச் சின்னச் சண்டைகள். 1998இல் வந்த முதல் பாகத்தில் பப்லு பிரித்விராஜும் வாசுகியும், இரண்டாவதில் ராம்ஜியும் தேவதர்ஷினியும். எனக்கு முதலாவது. வீட்டுக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவார்கள், மேடைக்குக் கேட்கிற மாதிரி அல்ல.

அதே நாகாதான் 'மர்மதேசம்' எடுத்தவர், இந்திரா சௌந்தர்ராஜனின் கதை. பகிடி அல்ல, பயம். ஆனாலும் இந்தப் பட்டியலில் வைக்கிறேன், ஏனென்றால் தமிழ் டிவியில் இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. அதிலும் 'விடாது கருப்பு'. ஊர்க் காவல் தெய்வம், இரவில் குதிரைக் குளம்புச் சத்தம். பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போக ஆட்களைத் துணைக்குக் கூப்பிட்ட காலம் அது. பிள்ளைகள் படுக்கப் போன பிறகு பாருங்கள்.

அந்த நாகா 2024இல் 'தலைவெட்டியான் பாளையம்' என்ற பகிடித் தொடரைப் பிரைம் வீடியோவுக்காக இயக்கினார். 'மர்மதேசம்' காலத்துச் சேத்தனும் தேவதர்ஷினியும் அதிலும் இருக்கிறார்கள். நிஜ வாழ்க்கையிலும் அவர்கள் கணவன் மனைவி. 2020இல் வந்த 'பஞ்சாயத்' என்ற ஹிந்தித் தொடரின் தமிழ் வடிவம் இது. பட்டணத்தில் படித்த பொடியன் ஒருவன் வேறு வேலை கிடைக்காமல் குக்கிராமத்துக்குப் பஞ்சாயத்துச் செயலாளராகப் போகிறான். ஹிந்தியில் அவனுக்கு மாதச் சம்பளம் 20,000 ரூபா. போன முதல் நாளே கந்தோர்த் திறப்பைக் காணவில்லை. தலைவி என்று பதவியில் இருப்பது மனைவி, நாற்காலியில் இருப்பது புருஷன்.

இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் ஹிந்தியைப் பார். அதில் ஒருவரும் சிரிப்புக் காட்ட முயற்சி செய்வதில்லை, ஊர் தன்பாட்டில் நடக்கிறது. தமிழில் திருநெல்வேலிப் பேச்சு இனிமையாக இருக்கிறது, ஆனால் சில காட்சிகள் ஹிந்தியை அப்படியே எடுத்து வைத்தது போல் நிற்கின்றன. எங்கள் கிராம சேவையாளர் ஒருவரை நடுவில் வைத்து, குச்சவெளிப் பக்கத்திலோ தம்பலகாமத்திலோ இப்படி ஒன்றை எடுத்தால் எப்படி இருக்கும்! காணிப் பிணக்கு, யானை வேலி, மூன்று மொழியில் வருகிற படிவம். கதைக்குப் பஞ்சமே இராது.

'சின்ன பாப்பா பெரிய பாப்பா' எல்லாருக்கும் பிடிக்கும், எம். எஸ். பாஸ்கரின் பட்டாபிக்காகவே பார்க்கலாம். பாஸ்கர் குரல் கொடுக்கும் கலைஞராக இருந்தவர் என்பது அந்தக் குரலைக் கேட்டால் தெரியும். மற்றது 'லொள்ளு சபா'. ராம்பாலா இயக்கி விஜய் டிவியில் வந்தது. பெரிய படங்களை எடுத்துக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். சந்தானம் அங்கிருந்துதான் சினிமாவுக்குப் போனார். சின்னச் சின்ன வேடங்களில் யோகி பாபுவும் வருவார். செட் எல்லாம் மட்டமாக இருக்கும், அதுவும் பகிடிதான். ஆனால் அவர்கள் கிண்டல் செய்கிற மூலப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கனடாப் பிள்ளைகள் ஏன் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

'கலக்கப்போவது யாரு' 2005இல் தொடங்கியபோது அருமையாக இருந்தது. சிவகார்த்திகேயன் வந்த வழி அதுதான். போகப் போக, பகிடி விட்டவரைவிட நடுவர்கள் அதிகம் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எப்போது சிரிக்க வேண்டும் என்று பின்னால் சத்தம் போட்டுக் காட்டுகிற நிகழ்ச்சி எதுவும் எனக்கு ஒத்துவராது. 'குக் வித் கோமாளி' பிள்ளைகளுக்குப் பிடிக்கும், இரண்டாவது பருவத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பாட்டுப் போட்டி பார்க்கிற வீடென்றால் 2023இல் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா வென்ற 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' பருவம். அதன் இறுதி நாளில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் வேறு சனல் ஓடவில்லை.

பகிடி இல்லாத ஒன்றும் கேட்டிருந்தாய். 'ஆர்தர் சி. கிளார்க்ஸ் மிஸ்டீரியஸ் வேர்ல்ட்', 1980, 13 பகுதிகள். உலகத்தின் விளங்காத புதிர்களைப் பற்றியது. விஞ்ஞானக் கதை எழுத்தாளர் கிளார்க் இலங்கையில் இருந்தபடியே அதில் தோன்றிப் பேசுவார். நாங்கள் பார்க்க இன்னொரு காரணம் உண்டு: 1956இல் கோணேசர் மலையடியில் சுழியோடி, கடலுக்குள் கிடந்த பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர் அவர். பிள்ளைகளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போய் அந்தப் பாறையின் விளிம்பில் இருந்து கடலைக் காட்டிவிட்டு, அன்று இரவு ஒரு பகுதி போடலாம்.

கடைசியாக அந்த விலக்கு. 'மிஸ்டர் பீன்'. கண்ணை மூடினால் ஒன்றும் இல்லை, மனிதர் வாயே திறப்பதில்லை. 1990 ஜனவரி முதலாம் திகதி தொடங்கியது, மொத்தம் 15 பகுதிகள்தான். பிறகு வந்த கார்ட்டூனை விட்டுவிடுங்கள். அம்மாவுக்கு, அதாவது உன் அம்மம்மாவுக்கு, இப்போது காது கேட்பது குறைவு. 'யெஸ் மினிஸ்டர்' அவவுக்கு ஆகாது, எங்கள் கோமாளிகளும் எட்டமாட்டார்கள். பீன் மட்டும் போதும். பரீட்சை மண்டபத்தில் பீன் பக்கத்து ஆளின் தாளை எட்டி எட்டிப் பார்க்கிற காட்சியில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. "இவனுக்கு ஒரு தாய் இல்லையோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பா.

ஆகவே வந்த முதல் பின்னேரம் பீன். அது எல்லாருக்கும். இரண்டாம் நாள் பிள்ளைகளுக்குப் பக்ஸ் பன்னி, சிங்களத்தில், விளங்காவிட்டாலும் சிரிப்பார்கள். உனக்கும் எனக்கும் இரவு பத்துக்குப் பிறகு சேர் ஹம்ப்ரி. கரண்ட் போனால் கவலை இல்லை, பாட்டரியில் ஓடுகிற பழைய கசெற் பெட்டி ஒன்று இன்னும் வேலை செய்கிறது, 'அண்ணை றைற்' அதற்குள்தான் கிடக்கிறது. அம்மம்மாவுக்குக் கேட்காத இடங்களை நான் உரத்துச் சொல்லுவன். அவவுக்கு எல்லாம் பாடம், நான் பிழைவிட்டால் திருத்துவா.